கிரீக்கின் கவிதைக்கு உரிய ஆண்டு 1936

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில், நோர்வேக் கவிஞரும் பத்திரிகையாளருமான நூர்டால் கிரீக்கைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இவரைப் பற்றி எழுத ஒருவர் முன்வந்ததே எனக்குப் பெருமகிழ்ச்சி. அந்தப் பக்கத்தை வெட்டிப் பத்திரப்படுத்தியும் வைத்திருக்கிறேன். ஆயினும் அதில் உள்ள ஒரு பிழை, பார்வைக்கு ஆண்டுக் கணக்கில் நேர்ந்த சிறு தவறாகத் தோன்றினாலும், அந்த மனிதரின் வாழ்க்கையையே வேறொன்றாக ஆக்கிவிடுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். ‘இளைஞருக்கு’ என்னும் அவருடைய புகழ்பெற்ற கவிதை, 1943 டிசெம்பரில் பேர்லின்மீது குண்டுவீசப் புறப்பட்ட விமானத்தில் ஏறுவதற்குச் சற்று முன்னர் அவர் எழுதிவைத்த இறுதி வாசகம் என்று கட்டுரை கூறுகிறது. அக்கவிதை எழுதப்பட்டது 1936இல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளை நீக்கிவிட்டால் கிரீக்கை விளங்கிக்கொள்ள வழியில்லை.

நான் இலக்கிய ஆய்வாளர் அல்லேன். பேர்கன் நகரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புப் பணி செய்கிறேன். கிரீக் 1902 நவம்பர் 1ஆம் திகதி பிறந்த ஊர் இது. நகர நாடக அரங்கின் வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. உயர்நிலைப் பாடசாலை ஒன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவருடைய கவிதைக்கு டென்மார்க்கைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஒட்டோ மோர்டென்சன் 1952இல் மெட்டமைத்தார். அன்று முதல் அது பாடசாலை நிகழ்ச்சிகளிலும், பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் மதச்சார்பற்ற உறுதியேற்பு விழாக்களிலும், இறுதிச் சடங்குகளிலும் பாடப்பட்டு வருகிறது. என் மகளும் அதைப் பாடித்தான் வளர்ந்தாள். 2011 ஜூலை 22ஆம் திகதி ஒஸ்லோவிலும் உட்டோயாத் தீவிலும் 77 பேர் கொல்லப்பட்ட பின்னர், நாடு முழுவதும் மக்கள் ரோசாப் பூக்களோடு கூடி நின்றபோது பாடியது இந்தப் பாடலையே. அத்தீவிலிருந்து நீந்தித் தப்பியவர்களுள் ஒருவரான கம்ஷாஜினி குணரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதும், அவர் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார் என்பதும் தங்கள் வாசகர்கள் அறிந்தவையே. இந்தப் பாடல் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்நியமானதன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இவ்வளவு மென்மையான இடங்களில் பாடப்படுவதாலோ என்னவோ, அது அமைதியைத் தாலாட்டும் பாட்டு என்ற எண்ணம் பலருக்கும் ஏற்பட்டிருக்கிறது. கட்டுரையாளரும் கிரீக்கை ‘அமைதிக் கவிஞர்’ என்று அழைத்து, இறுதி வரிகளை மட்டும் தமிழில் தந்திருக்கிறார். உலகின் அழகையும் கதகதப்பையும், கையில் ஏந்திய குழந்தையைப் போலக் கவனமாகக் காப்போம் என்று கூறும் அவ்வரிகள் அழகானவைதாம். ஆனால் கவிதை தொடங்குவது பகைவர்களால் சூழப்பட்ட ஓர் இளைஞனை நோக்கி, உன் காலத்துக்குள் இறங்கு என்று கட்டளையிடுவதில். நான் எதைக் கொண்டு போரிடுவேன், எனக்கு ஆயுதம் ஏது என்று அவன் அஞ்சிக் கேட்கிறான். வாழ்வின் மீதான நம்பிக்கையும் மனிதனின் மதிப்புமே உன் வாள் என்பது கவிதையின் விடை. அதற்குப் பின்னர் வரும் ஒரு பகுதியைத் தமிழில் தராமல் விட்டது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. எறிகணைகள் ஓசையின்றி நகர்பட்டையில் வரிசையாகச் செல்கின்றன; மரணத்தை நோக்கிய அவற்றின் ஓட்டத்தை நிறுத்து, மனத்தின் ஆற்றலால் நிறுத்து என்று அங்கே கவிஞர் கூறுகிறார். ஷெல் கூவிக்கொண்டு வந்து விழும் ஓசையை மட்டுமே அறிந்து வளர்ந்த எனக்கு, அது தொலைதூரத் தொழிற்சாலை ஒன்றில் சத்தமே இல்லாமல் பிறந்து, பட்டையில் நகர்ந்து, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லும் காட்சியை முதன்முதலில் காட்டியது அந்த ஒரு வரிதான். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்த, ஹிட்லரின் ஜேர்மனி வெளிப்படையாகப் படைக்கலம் பெருக்கிக்கொண்டிருந்த 1936இல், நோர்வே இன்னும் எந்தப் போரிலும் இறங்காதிருந்தபோதே, எறிகணைகள் ஓடத் தொடங்கிவிட்டன என்று ஒருவர் கண்டு எழுதினார். அதனால்தான் ஆண்டு முக்கியம் என்கிறேன்.

அதே மனிதர் ஏழு ஆண்டுகள் கழித்து, குண்டுகள் ஏற்றிய விமானத்தில் தானே விரும்பி ஏறினார். கவிதையும் மரணமும் ஒரே மாலையில் நிகழ்ந்தவை என்று எழுதிவிட்டால் இந்த முரண் மறைந்துவிடுகிறது. வாசகர் கேட்க வேண்டிய கேள்வியும் எழாமற் போகிறது.

கிரீக்கின் பத்திரிகைப் பணியைக் கட்டுரை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டது. என் எளிய வாசிப்பில், அவரைக் கவிஞராக்கியது அந்தப் பணியும் அதற்கான அலைச்சலுமே. வசதியாகப் படிக்க வழியிருந்தும், பதினெட்டு வயதளவில் அவர் சரக்குக் கப்பல் ஒன்றில் மாலுமியாகச் சேர்ந்து ஆபிரிக்காவைச் சுற்றி அவுஸ்திரேலியா வரை சென்றார். அக்கப்பலுக்கு நோர்வேயின் புகழ்பெற்ற நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் பெயரே சூட்டப்பட்டிருந்தது என்பதை அறிந்தபோது எனக்குப் புன்னகை வந்தது. அந்தப் பயணத்திலிருந்து 1922இல் முதற் கவிதைத் தொகுதியும், 1924இல் ‘கப்பல் தொடர்ந்து செல்கிறது’ என்னும் நாவலும் பிறந்தன. கப்பல் என்றாலே பெருமிதமாகப் பாடும் நாட்டில், கப்பலின் அடித்தட்டில் இளைஞர்களின் உடலும் உள்ளமும் எப்படிச் சிதைகின்றன, துறைமுகங்களில் தொற்றும் நோய் அவர்களை எப்படி அரிக்கிறது என்பதை அந்நாவல் மறைக்காமல் சொன்னது. ஒக்ஸ்போர்ட்டிலும் படித்தார். 1927இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சீனாவுக்குச் செய்தியாளராகச் சென்றார். 1937இல் ஸ்பெயினுக்குச் சென்று, குடியரசுப் படைகளின் பக்கம் நின்று கண்டவற்றை ‘ஸ்பானியக் கோடை’ என்ற நூலாக்கினார். தொலைவில் இருந்துகொண்டு எழுதுவதை அவரால் தாங்க முடியவில்லை. எதைப் பாடினாரோ அது நடக்கும் இடத்துக்குப் போய் நின்றார் என்பதே அவருடைய வாழ்க்கை முழுவதிலும் நான் காணும் ஒரே இழை.

பேர்கன் நாடக அரங்கின் வெளியே அவர் சிலை நிற்கிறது என்று சொன்னேன். 1935இல் அவருடைய ‘நமது பெருமையும் நமது வலிமையும்’ என்ற நாடகம் முதன்முதலில் அரங்கேறியது அதே அரங்கில்தான். வெண்பாய்க் கப்பல்களே நமக்குப் பெருமையும் வலிமையும் கொண்டுவந்தன என்று நோர்வேக் கவிஞர் பியோர்ன்சன் பாடிய வரியிலிருந்து அத்தலைப்பு எடுக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் நோர்வே நடுநிலை நாடு. ஆயினும் அதன் வணிகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடிக்கப்பட்டு, ஏறக்குறைய 2000 மாலுமிகள் இறந்தனர். அதே காலத்தில் கப்பல் வாடகையாலும் காப்புறுதிப் பணத்தாலும் பங்குச் சந்தையாலும் பேர்கனின் கப்பல் முதலாளிகள் பெருஞ்செல்வம் திரட்டினர். ஒரு பக்கம் இரவில் கடலில் தத்தளிக்கும் மாலுமிகள், மறுபக்கம் விருந்து மேசையில் கப்பல் முதலாளிகள் எனக் காட்சிகளை மாற்றி மாற்றி அடுக்கிய அந்த நாடகத்தை, அந்த முதலாளிகளின் சொந்த ஊரில், அவர்களுடைய குடும்பத்தார் அமர்ந்து பார்க்கும் அரங்கிலேயே கிரீக் மேடையேற்றினார். இன்றும் வேலை முடிந்து பேருந்துத் தரிப்பிடத்துக்கு அந்த வழியே நடக்கும்போது, அந்த முதலாளிகளின் நகரத்தைப் பார்த்தபடி அவர் நனைந்துகொண்டு நிற்பதாகவே எனக்குத் தோன்றும். மழை இங்கே பெரும்பாலான நாட்களில் உண்டு.

இந்த நாடகத்தை நினைவில் வைத்துக்கொண்டால்தான் ‘இளைஞருக்கு’ கவிதையின் மற்றொரு வரி விளங்கும். மனிதன் மேன்மையானவன், பூமி வளமானது. இங்கே வறுமையும் பசியும் இருக்குமானால் அதற்குக் காரணம் ‘ஸ்வீக்’ என்கிறது அவ்வரி. தங்கள் பத்திரிகையில் அச்சான மொழிபெயர்ப்பில் அச்சொல்லுக்குத் ‘துரதிர்ஷ்டம்’ என்று பொருள் தரப்பட்டிருக்கிறது. கவிஞர் கருதியதற்கு இது நேர் எதிரானது. ஸ்வீக் என்பது ஒருவர் மற்றவருக்குச் செய்வது, நம்பியவரைக் கைவிடுவது. அகராதியில் முதலில் நிற்கும் தமிழ்ச் சொல் துரோகம். எங்கள் மண்ணில் அந்தச் சொல் பட்ட பாட்டையும், அச்சொல்லைச் சூட்டி உயிர்கள் பறிக்கப்பட்டதையும் அறிந்தவர் எவரும் அதை எழுதத் தயங்குவார் என்பதை நான் உணர்கிறேன். மொழிபெயர்த்தவர் அதனால் ஒதுங்கியிருந்தால் அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் வஞ்சகம் என்று எழுதியிருக்கலாம். பசிக்கு யாரோ பொறுப்பு என்று சொல்லும் கவிதையைப் பசிக்கு எவரும் பொறுப்பில்லை என்று சொல்லவைப்பது, கடலில் மாண்ட மாலுமிகளைப் பற்றி அவர் எழுதியதையெல்லாம் அழிப்பதாகும்.

1940 ஏப்பிரல் 9ஆம் திகதி ஜேர்மன் படைகள் நோர்வேக்குள் நுழைந்தன. கிரீக் நோர்வே இராணுவத்தில் சேர்ந்து, நாட்டின் பொன் இருப்பு பகைவர் கையில் சிக்காமல் வெளியேற்றப்பட்டபோது அதற்குக் காவலாகச் சென்றார். ஏறக்குறைய 50 தொன் பொன், பெட்டிகளிலும் சிறு பீப்பாய்களிலும் அடைக்கப்பட்டு, தொடருந்திலும் பாரவூர்திகளிலும் ஏற்றப்பட்டு, மேற்குக் கரையை அடைந்து, விமானங்கள் குண்டு பொழிந்து மோல்டே நகரம் எரிந்துகொண்டிருந்தபோது பிரித்தானியக் கப்பல்களிலும், எஞ்சியது மீன்பிடிப் படகுகளிலுமாகப் புறப்பட்டது. அந்த மே மாதம் 17ஆம் திகதி, நோர்வேயின் அரசியல் யாப்பு நாளன்று, இன்னும் விழாதிருந்த வடபகுதியின் துரொம்சோ நகரிலிருந்து அவர் தம் கவிதையொன்றை வானொலியில் வாசித்தார். இன்று ஐட்ஸ்வோல் ஊரின் பசுமை துளிர்க்கும் மரங்களிடையே கொடிக்கம்பம் வெறுமையாக நிற்கிறது என்று அது தொடங்குகிறது. 1814இல் அரசியல் யாப்பு இயற்றப்பட்ட ஊர் அது. ஆக்கிரமிப்பின் கீழ் அங்கே கொடியேற்ற முடியாத முதல் மே 17 அது.

இந்தக் கவிதையை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னர், எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டியிடம்தான் கற்றேன். நான் நோர்வே மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். காலைக் கோப்பி கொடுத்த பின்னர் அவர் என்னை அருகில் இருத்தி, வரிவரியாகச் சொல்லித் திரும்பச் சொல்லவைப்பார். வெறுமை என்று பொருள்படும் சொல்லின் நெடிலைக் குறுக்கிவிட்டேன் என்று ஒரே காலையில் நான்கு முறை திருத்தினார். போர்க்காலத்தில் ஜேர்மனியர் மக்களிடமிருந்து வானொலிப் பெட்டிகளைப் பறித்த பின்னர், கிரீக்கின் கவிதைகள் கையால் பிரதி செய்யப்பட்டு வீடு வீடாகச் சென்றன. அந்த மூதாட்டியின் வீட்டில் அத்தகைய ஒரு தாளைச் சமையலறை மேசையின் மெழுகுசீலைக்கு அடியில், சுவரோரமாக வைத்திருந்தார்களாம். சீலையின் மீது உணவுத் தட்டு இருக்கும். அதன் அடியில் கவிதை இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி வெளியில் பேசக்கூடாது என்பதும் தெரியும். ‘நாங்கள் இந்நாட்டில் மிகச் சிலர், வீழ்ந்த ஒவ்வொருவரும் எமக்குச் சகோதரர், நண்பர்’ என்ற வரி வரும்போது அவர் எப்போதும் சற்று நிறுத்தி, என் முகத்தைப் பார்ப்பார். எங்கிருந்து வந்தவள் நான் என்பது அவருக்குத் தெரியும்.

பிரித்தானியாவை அடைந்த கிரீக், புலம்பெயர்ந்த நோர்வேப் படைகளோடு பணியாற்றிக்கொண்டே கப்பல்களிலும், ஆர்க்டிக் பகுதியின் யான் மாயன் தீவுக் காவலரணிலும், ஐஸ்லாந்திலும் தங்கி, அங்குள்ள வீரர்களைப் பற்றி எழுதினார். அவை லண்டனிலிருந்து ஒலிபரப்பாயின. நாட்டுக்குள்ளே அவர் அறிந்தவர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தனர். தொழிற்சங்கச் சட்டத்தரணி விகோ ஹான்ஸ்டீன் 1941 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்காக ஒரு கவிதை எழுதினார். ‘மிகச் சிறந்தவர்கள்’ என்ற மற்றொரு கவிதையில், மிகச் சிறந்தவர்கள் நம் எதிர்காலமாக ஆவதில்லை, அவர்களுக்கு இறப்பதற்கே நேரம் சரியாக இருக்கிறது என்று எழுதினார். இப்படி எழுதியவர் அலுவலக அறையில் இருந்துகொண்டு தொடர்ந்து எழுதுவதில் எத்தகைய கூச்சத்தை உணர்ந்திருப்பார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

1943 டிசெம்பர் 2ஆம் திகதி இரவைப் பற்றியும் ஒரு திருத்தம். கிரீக் குண்டுவீசும் பொறுப்போடு சென்றவர் என்ற பொருள்பட எழுதப்பட்டிருக்கிறது. அவர் கப்டன் நிலையில் இருந்தவராயினும், அன்று சென்றது கண்டு எழுதும் போர்ச் செய்தியாளராகவே. லிங்கன்ஷயரின் பின்புறூக் தளத்திலிருந்த அவுஸ்திரேலிய 460ஆவது விமானப் பிரிவின் லான்காஸ்டர் விமானத்தில், ஏழு பேர் கொண்ட குழுவோடு எட்டாமவராக ஏறினார். அன்றிரவு பேர்லினை நோக்கிச் சென்ற 458 விமானங்களில் 40 திரும்பவில்லை. வெவ்வேறு விமானங்களில் சென்ற செய்தியாளர்களில் அவுஸ்திரேலியரான நோர்மன் ஸ்ரொக்டனும் கிரீக்கும் இறந்தனர். அமெரிக்கரான லோவெல் பென்னெட் சிறைப்பட்டார். எட்வர்ட் மரோ மட்டுமே திரும்பிவந்து, பேர்லின், இசைக்குழு ஒன்று சேர்ந்து இசைத்தது போன்ற ஒரு நரகமாக இருந்தது என்று வானொலியில் விவரித்தார். கிரீக்கின் விமானம் பேர்லினை அடுத்த கிளைன்மாக்னோவில் விழுந்தது. அவருக்கு வயது 41. தாம் ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் கற்பனையில் கண்ட அந்த எறிகணைப் பட்டையின் முடிவிடத்தை அவர் மேலிருந்து பார்த்திருப்பார். அதைப் பற்றி அவர் என்ன எழுதியிருப்பார் என்ற கேள்வியை இங்குள்ளவர்கள் இன்றும் கேட்கிறார்கள், நானும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, கட்டுரையில் ஒரு சொல்லும் இடம்பெறாத விடயம். கிரீக் 1930களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மொஸ்கோவில் வாழ்ந்து, சோவியத் ஒன்றியத்தின் தீவிர ஆதரவாளராகத் திரும்பினார். 1936இல் அவர் தொடங்கிய ‘முன்னோக்கிய பாதை’ என்ற இதழ் பாசிசத்துக்கு எதிராகப் பல எழுத்தாளர்களை ஒன்று சேர்த்தது. ஆனால் ஸ்டாலின் தம் பழைய தோழர்களையே பொய்க் குற்றம் சுமத்திச் சுட்டுக் கொன்ற மொஸ்கோ வழக்குகளைக் கிரீக் நியாயப்படுத்தினார், உடனிருந்தவர்கள் விலகினர், இதழ் நின்றது. 1938இல் எழுதிய நாவலிலும் அந்நிலைப்பாட்டை விடவில்லை. கண்ணால் காணாததை எழுதமாட்டேன் என்று உலகைச் சுற்றியவர், இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த நகரில் காண வேண்டியதைக் காணவில்லை. இதைச் சொல்வதால் அவருடைய கவிதையின் ஒளி குறையும் என்று எவரேனும் அஞ்சினால், அந்த அச்சத்தை என்னால் ஏற்க முடியாது. மனிதனின் மதிப்பே உன் வாள் என்று எழுதிய அதே ஆண்டுகளில், ஒரு நீதிமன்றக் கூண்டில் மனிதனின் மதிப்பு மிதிக்கப்பட்டதை அவர் சரியென்றார். ஒரு கொள்கையின் பேரால் கண்ணை மூடிக்கொண்ட நல்லவர்களை எமது தலைமுறையும் கண்டிருக்கிறது. சில வேளைகளில் நாமும் அவர்களுள் இருந்தோம். கிரீக்கைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். என் மகளுக்கு அப்படித்தான் சொன்னேன். அவள் அதன் பிறகும் பாடினாள்.

அவருடைய போர்க்காலக் கவிதைகள் ‘விடுதலை’ என்ற தொகுதியாக, அவர் இறந்த ஆண்டில் ஐஸ்லாந்திலும் விடுதலை கிடைத்த 1945இல் நோர்வேயிலும் வெளிவந்தன. மேசைச் சீலைக்கு அடியில் கைப்பிரதியாகக் கிடந்தவற்றை மக்கள் அப்போதுதான் அச்சில் பார்த்தார்கள்.

ஆகவே, ஞாயிறு இணைப்பின் அடுத்த இதழில் மூன்று திருத்தங்களை வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கவிதை எழுதப்பட்ட ஆண்டு 1936 என்பது முதலாவது. பசிக்கும் வறுமைக்கும் காரணமாகக் கவிஞர் கூறுவது வஞ்சகத்தையே என்பது இரண்டாவது. அவர் இறந்த இரவில் அவர் ஆற்றிக்கொண்டிருந்த பணி செய்தியாளர் பணி என்பது மூன்றாவது. இடம் இருப்பின், விடுபட்ட எறிகணைப் பகுதியையும் சேர்த்துக் கவிதை முழுவதையும் ஒருமுறை தமிழில் வெளியிட்டால் மிகவும் நன்று. மொழிபெயர்த்தவர் விரும்பினால், நோர்வே மூலத்தை வரிவரியாக, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளோடு, உச்சரிப்பையும் தமிழில் குறித்துக் கையெழுத்துப் பிரதியாக அனுப்பி வைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகி,
பேர்கன், நோர்வே